திரும்பி வரவைக்கும் எஞ்சின்

கேப்டன் சௌலே, தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு வரை நிறைத்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. விசாரணை அறையில் தேநீர் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் நம் கசாக் வீடுகளில் விருந்தாளிக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். சீக்கிரம் காலியாகட்டும், மறுபடி நீட்டட்டும், மறுபடி ஊற்றலாம், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்று அதற்குப் பொருள். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். அல்மாத்திப் பெண்களுக்கு வேலை அவசரத்தில் இதெல்லாம் மறந்துபோகிறது. பரவாயில்லை.

குவானிஷின் கார் ஏன் கொர்தாய் கணவாயில் எரிந்தது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியிலிருந்து நான் விலகிப் போகவில்லை. கிண்ணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் மார்லென். மார்க்ஸின் முன்பாதியையும் லெனினின் முன்பாதியையும் ஒட்டி அப்பா பெருமையோடு வைத்தது. பிறகு நாடு மாறிவிட்டது, பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. எங்கள் கராஜ் கூட்டுறவுச் சங்கத்தில் என்னை 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலிடெக்னிக்கின் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் வந்த பட்டம். நான் பாடம் நடத்தியதில்லை. நடத்தியவர்களுக்குக் கரும்பலகை துடைத்துக் கொடுத்தேன். அந்த விவரத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓய்வு பெறும்போது வெள்ளைக் கோட்டை மட்டும் எடுத்து வந்தேன். பாதிப் படிப்பு அதில்தான் இருந்தது.

உங்கள் ஆட்கள் சோதனை போட வந்தபோது எங்கள் கராஜ்களைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கதவு போட்ட செங்கல் கொட்டகைகள், வரிசை வரிசையாக. கார் நிறுத்தக் கட்டியவை என்று சங்க விதிகளில் இருக்கிறது. உண்மையில் அவை வீட்டில் பேச ஆளில்லாத ஆண்களை நிறுத்தி வைக்கிற இடம். என் மனைவி, கராகந்தாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. நான் மதியச் சாப்பாட்டைக் கராஜுக்கு எடுத்துப்போவேன். வீட்டில் சாப்பிட்டால் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் ஆட்கள் வருவார்கள். எல்லோருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. ஜப்பானிலிருந்து இறங்கிய, நாலு கை மாறிய, இரண்டு கதவுக் கார்கள். எல்லோரும் ஒரே பொய்யோடு வருவார்கள்: "புரொபசர், வேகமெல்லாம் எனக்கு முக்கியமில்ல, பாதுகாப்புதான்." பிறகு கேட்பார்கள்: "சாதா எஞ்சின் எடுக்கவா, டர்போ எடுக்கவா?" டர்போ என்பது வெளியேறும் புகையில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதுகிற சக்கரம், வேகத்துக்காக வைப்பது. அபாய் சாலையில் மாலை நெரிசலில் எல்லா எஞ்சினுக்கும் ஒரே வேகம்தான், நடந்து போகிறவரின் வேகம். அதைச் சொன்னால் பிறகு நிபுணர் எதற்கு? நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் கழுத்தில் போடும் ஸ்டெதாஸ்கோப்பை எஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடுவேன். அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, வெறும் காதுக்கே எல்லாம் கேட்கும். ஆனால் அதை மாட்டினால் சுற்றி நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

முதலில் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். சாதா எஞ்சின் எடுங்கள், அது பாட்டுக்கு ஓடும் என்பேன். அவர்களும் எடுத்தார்கள். அதுவும் அது பாட்டுக்கு ஓடியது. ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. ஒரு வங்கிக்காரருக்கு அரை நாள் வெயிலில் நின்று வண்டி பார்த்துக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் தெருவில் என் பக்கத்தில் ஹாரன் அடித்தார். திரும்பிக் கையாட்டினேன். அவர் எனக்கு முன்னால் நின்ற பேருந்துக்கு அடித்திருக்கிறார்.

டர்போ எடுத்தவர்கள் வேறு மாதிரி. பழைய டர்போவுக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். குழாய் கசியும், எண்ணெய் குடிக்கும், விசில் அடிக்கும். அவர்கள் வருவார்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள். குடலில் அடைத்த குதிரைக்கறிக் கஸி, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை, மனைவி கொடுத்தனுப்பிய ஜாம். நான் பானெட்டுக்குள் குனிந்திருப்பேன், அவர்கள் என் பெஞ்சில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டுவார்கள், மேலதிகாரியைத் திட்டுவார்கள். எனக்கு எல்லாம் தெரியும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாதா எஞ்சின் என்பது விளிம்பு வரை ஊற்றிய கிண்ணம். நான் மரியாதை தெரிந்தவன். அதன்பிறகு யாருக்கும் நிறைத்து ஊற்றவில்லை.

இதுவரை சட்டப்படி என்மேல் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். யோசனை சொன்னேன், கேட்டார்கள்.

குவானிஷும் ரௌஷானும் வந்தது போன வருட வசந்தத்தில். அவன் பல் டாக்டர், மென்மையான பையன். அவள் மென்மை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கார்ச் சந்தையில் ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் நின்றன. வெள்ளையில் இரண்டு லிட்டர் சாதா எஞ்சின். நீலத்தில் டர்போ.

"நீங்களே சொல்லுங்கண்ணே," என்றாள் ரௌஷான். "இவருக்கு வண்டி வேணுமா, சத்தம் வேணுமா?"

"ரெண்டும்தான்," என்றான் குவானிஷ்.

"நாள் பூரா ஒருத்தர் வாயில மிஷின் ஓட்டுறீங்களே, அந்தச் சத்தம் பத்தலையாக்கும்."

நீல வண்டியை விற்க வந்தவன் குறுக்கே புகுந்தான். "தங்கச்சி, இது காரே இல்ல. குதிரை."

"குதிரைன்னா புல்லு திங்கும். இது என்ன திங்கும்?"

"அது... கொஞ்சம் நல்லாத்தான் திங்கும்."

"நெனச்சேன். எங்க வீட்டுல ஏற்கெனவே அப்படி ஒண்ணு இருக்கு."

கூட்டம் சிரித்தது, குவானிஷும் சிரித்தான். நான் கோட்டின் பொத்தான்களைப் போட்டேன், ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினேன். வெள்ளை வண்டியின் எஞ்சின் அருமையான எஞ்சின். யாரோ அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார்கள். இன்னும் பத்து வருடம் யாரையும் தேடிப் போகாது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. நான் குனிந்தபோது என் கோட்டு நுனி சேற்றில் படாமல் அவன் தூக்கிப் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லாமலே.

"வெள்ளை நல்ல வண்டி," என்றேன். "தபால்காரருக்கு ஏத்தது."

குவானிஷின் காது சிவந்தது. அவ்வளவு போதும். ரௌஷான் என்னையே பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே," என்றாள். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

நீல வண்டி வந்தது. ஆடு அறுத்து முன்சக்கரத்தில் ரத்தம் தடவினார்கள். புது வண்டி விருந்தில் என்னை வாசலுக்கு எதிரே, முதலிடத்தில், அவனுடைய மாமனாருக்கும் மேலே உட்கார வைத்தார்கள். ரௌஷான் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தின் அடி மறைகிற அளவுதான். நீட்டினேன், ஊற்றினாள். நீட்டினேன், ஊற்றினாள். ஊற்றத் தெரிந்த பெண். அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு அதற்கு முன் எப்போது வாய்த்தது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

பிறகு ஒரு பிசகு நடந்தது. வண்டி கெட்டுப்போகவில்லை.

குவானிஷ் சொல்பேச்சுக் கேட்கிறவன். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு ஓட்டினான், நிறுத்துவதற்கு முன் ஆறவிட்டான், நான் சொன்ன எண்ணெயை நான் சொன்ன நேரத்தில் மாற்றினான். நான் சொன்னதையெல்லாம் கேட்டதால் என்னிடம் வர வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. கோடை முழுக்க அவன் வரவில்லை. கோபப்படவில்லை நான். ஆனால் இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவனுடைய பல் மருத்துவமனைக்குப் போனேன். கடைவாயில் வலி என்று நாற்காலியில் சாய்ந்தேன். விளக்கைத் திருப்பி நெடுநேரம் பார்த்தான்.

"உங்க பல்லு கல்லு மாதிரி இருக்குண்ணே. நல்லாருக்கிறவங்க யாராவது இங்க வருவாங்களா? வலிச்சாத்தானே எங்கிட்ட ஒரு ஆளு வர்றான். வலி நின்னுச்சுன்னா ரோட்டுல பாத்தாக்கூடத் திரும்பிக்குவான்."

 அவன் சொன்னது எவ்வளவு சரி என்று வாயைத் திறந்தபடியே நினைத்தேன். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கிழமை வண்டியக் கொண்டா தம்பி, சும்மா ஒரு தடவ பாத்துடறேன்," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை டர்போவிலிருந்து காற்று போகிற குழாயின் கிளாம்பை லேசாகத் தளர்த்தினேன். அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. இழுவை குறையும், புஸ்ஸென்று சத்தம் வரும். அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். கஸி கொண்டுவந்தான். கிளாம்பை இறுக்கினேன், இன்னொன்றைத் தளர்த்தினேன். எப்போதும் அப்படித்தான். ஒன்றைச் சரிசெய்வேன், ஒன்றை மிச்சம் வைப்பேன். தேநீர் ஊற்றுகிற மாதிரி.

சங்கத் தலைவர் கென்னாதி, பிறர் கராஜில் போய் உட்கார்வதையே பதவியின் கடமையாக வைத்திருப்பவர், ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டாக்டரே, வாராவாரம் வர்றீங்க? வண்டிக்குச் சொத்தப் பல்லா?"

"வேர் சிகிச்சை நடக்குது," என்றான் குவானிஷ். "இன்னும் பல சிட்டிங் இருக்காம்."

"நம்ம புரொபசர் தொட்டா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு சரியாகும், இல்ல அடுத்த வாரம் சரியாகும்."

"நான் என் நோயாளிங்கள இவ்ளோ தடவ வரச்சொன்னா கல்லெடுத்து அடிப்பாங்க. அண்ணங்கிட்ட வர்றதுக்கு எனக்கே ஆசையா இருக்கு, பாருங்க."

எனக்கே ஆசையாக இருக்கிறது என்று அவன் சொன்னான். கென்னாதியைக் கேளுங்கள், சாட்சி சொல்வார். அந்த இலையுதிர்காலம் முழுக்க, பிறகு குளிர்காலம் முழுக்க, எனக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. மற்ற நாட்கள் அதற்காகக் காத்திருந்தன. ரௌஷானுக்குக் குழந்தை உண்டாகியிருப்பதை அவள் அம்மாவுக்கு அடுத்தபடி என்னிடம்தான் சொன்னான். நான் எதையும் திருடவில்லை. அவனுடைய நேரத்தில் கொஞ்சம் கேட்டேன், அவன் மனதாரக் கொடுத்தான்.

இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை அவன் உட்காராமலே பேசினான்.

"அண்ணே, வித்துட்டேன். பிஷ்கெக்ல ரௌஷானோட சித்தப்பா மகன் வாங்கிக்கிறான். நாளைக்கே நாங்க ரெண்டு பேரும் ஓட்டிட்டுப் போய்க் குடுத்துட்டு, அப்படியே ரௌஷானோட அம்மாவப் பாத்துட்டு பஸ்ஸுல வந்துடறோம்."

"அடுத்து என்ன வண்டி? எந்த எஞ்சின்னு பாத்து எடுக்கணுமே."

"வேனுண்ணே, புதுசு. குழந்தை வருதில்ல. அதுல ஒரே எஞ்சின்தான் வருது, யோசிக்கவே வேண்டாம்னு கடையில சொல்லிட்டாங்க. கம்பெனிக்காரங்களே பாத்துக்குவாங்களாம்." பிறகு சிரித்தான். "இனிமே உங்களுக்கும் சனிக்கிழமை ஓய்வுதான். போறதுக்கு முன்ன கடைசியா ஒருவாட்டி பாத்துக் குடுங்கண்ணே."

கடைசியாக ஒருமுறை பார்த்துக் கொடுத்தேன்.

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகிற மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதன் நட்டைத் தளர்த்தினேன். நான் என்ன கணக்குப் போட்டேன் என்று சொல்கிறேன், நியாயம் இருப்பது உங்களுக்கே தெரியும். பிஷ்கெக் வழியில் கொர்தாய் கணவாய் ஏறுவதற்கு முன், சமவெளியிலேயே எண்ணெய் வாசனை வரும். அவன் வண்டியை ஓரங்கட்டி என்னைக் கூப்பிடுவான். நான் போவேன். சாலையோரப் புல்லில் மூன்று பேரும் உட்காருவோம். வழியில் நின்ற வண்டியைச் சித்தப்பா மகன் வாங்க மாட்டான். விற்பனை தள்ளிப்போகும். இவ்வளவுதான். இதில் யாரும் சாக வேண்டிய இடமே இல்லை.

ஞாயிறு காலையில் கோட்டு போட்டுக்கொண்டேன். தெர்மாஸில் தேநீர் நிறைத்துவைத்தேன், மூன்று கிண்ணங்களைத் துணியில் சுற்றினேன். என் பழைய வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அதில் சாதா எஞ்சின்தான், ஒருநாளும் கெட்டதில்லை. அதைப் பற்றி என்னிடம் யாரும் விசாரித்ததும் இல்லை.

அவன் கூப்பிட்டான். நான் நினைத்த இடத்திலிருந்துதான்.

"அண்ணே, எண்ணெய் கருகுற நாத்தம் வருது. பானெட் ஓரத்துல லேசாப் புகை மாதிரி. நிறுத்திட்டேன்."

நிறுத்தியே இரு, இதோ வர்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொன்னான்: "நல்லவேளை, பக்கத்துலயே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்குண்ணே. ஆளு கையத் தொடச்சிக்கிட்டு வர்றாரு. தெறந்து பாக்கச் சொல்லவா?"

கேப்டன், அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். யாரோ ஒரு கிராமத்து மெக்கானிக். பானெட்டைத் திறந்ததும் எண்ணெய் வழிகிற நட்டைப் பார்ப்பான். 'யாருப்பா இத இறுக்காம விட்டது?' என்று கேட்பான். குவானிஷ் என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆள் சிரிப்பான். ஒரு ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவான். வண்டி பிஷ்கெக்குக்குப் போய்ச்சேரும். அடுத்த வாரம் கராஜ் முழுக்க, புரொபசர் நட்டை இறுக்க மறந்தார் என்று பேச்சாக இருக்கும். எனக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"வேணாம்," என்றேன். "கண்டவங்க கையெல்லாம் அந்த எஞ்சின்ல படக் கூடாது. அது புது எண்ணெய், ஏத்தத்துல கொஞ்சம் மணக்கும், பயப்படாத. கணவாய் உச்சியில டீக்கடை இருக்குல்ல, அங்க போய் நிறுத்து. நான் வந்துடறேன்."

பின்னால் ரௌஷானின் குரல் கேட்டது. "அண்ணன் என்ன சொல்றாரு?"

"பயப்பட ஒண்ணுமில்லையாம்."

"அப்பச் சரி, எடுங்க."

ஏற்றத்தில் டர்போ பழுத்துச் சிவக்கும். அதன்மேல் எண்ணெய் சொட்டினால் என்ன ஆகும் என்று பாலிடெக்னிக்கில் முதலாண்டிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பாடம் முடிந்ததும் பலகையைத் துடைத்தது நான்தான்.

கீழே இருந்தே புகையைப் பார்த்தேன். வேகமாகத்தான் ஓட்டினேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி வலதுபக்கப் பாறையில் உரசி நின்றிருந்தது. நாம் சாலையின் வலது ஓரமாகத்தான் ஓட்டுகிறோம், ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலதுபக்கம். அவனுடைய கதவு பாறையோடு ஒட்டிக்கொண்டது. ரௌஷானின் கதவு சாலைப் பக்கம். அவள் வயிற்றைத் தாண்டி அவனால் வெளியே வர முடியாது. அதனால் அவளை முதலில் வெளியே தள்ளியிருக்கிறான். தள்ளுவதற்குத்தான் நேரம் இருந்தது.

ஆம்புலன்ஸ் வரும் வரை அவள் சாலையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தாள். என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. தெர்மாஸிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சமாகத்தான் ஊற்றினேன்.

ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மறுபடி முதலிடம். ஒவ்வொருவராக வந்து, கடைசி நிமிடம் வரை போனில் தைரியம் சொன்னீர்களாமே என்று தோளைத் தொட்டார்கள். ரௌஷான் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். "அவருக்கு உங்கமேல உசுருண்ணே," என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையை எப்படி இல்லை என்பது?

எரிந்த வண்டியில் அந்த நட்டின் மரை தேயாமல், முறியாமல், தளர்ந்த நிலையில் இருந்ததை உங்கள் நிபுணர் கவனித்திருக்கிறார். கெட்டிக்காரர். அவரை ஒருமுறை இங்கே அழைத்து வாருங்கள், பேச நிறைய இருக்கிறது. ஆமாம், தளர்த்தியது நான்தான். நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கச் சொன்னதும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவனைத் திரும்பி வரவைக்கத்தான் பார்த்தேன்.

வழக்குக் கோப்பை மூடாதீர்கள். என் டர்போக்காரர்களில் இன்னும் சிலர் வராமல் போனார்கள். கப்சகாய் சாலையில் பள்ளத்தில் உருண்ட பச்சை வண்டி உங்களுக்கு நினைவிருக்கும், விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அதைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன். எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிட்டால் நீங்கள் இதைக் கட்டிவைத்துவிட்டு வேறு ஆளிடம் போய்விடுவீர்கள். காலையில் நீங்கள் வரும்போது உங்கள் வண்டிச் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்கிறேன். டர்போதான், இல்லையா? நல்ல தேர்வு. இடதுபக்கம் ஒரு விசில் இருக்கிறது. வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

கிண்ணம் காலி. கொஞ்சம் ஊற்றுங்கள், போதும், போதும்.

மறுபடி விளிம்பு வரை ஊற்றிவிட்டீர்களே. என் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஊற்றியதில் கை தவறியிருக்கும். நாளைக்குச் சரியாக ஊற்றுவீர்கள்.